மாப்பிள்ளைக் காரின் முன்கதவு

மயிலிட்டியில் பஞ்சலிங்கத்தின் பழைய ஒஸ்ரின் காரைத் தெரியாதவர்கள் இல்லை. தகப்பனும் அண்ணைமாரும் வள்ளமே கதியென்று கிடக்க, கடற்காற்று இரும்பைத் தின்னும் அந்தக் கரையில் கார் வாங்கி வாடகைக்கு ஓடியவன் அவன் ஒருவன்தான். எது பழுதானாலும் தானே கழற்றிப் பூட்டுவான். அதில் அக்கா இரத்தினம்மாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

எழுபத்துநாலாம் ஆண்டு ஆவணியில் கொக்குவில் அருளம்பலத்தார் தன் மகனின் கலியாணத்துக்கு அந்தக் காரைப் பேசினார். பஞ்சலிங்கத்துக்கு அதுதான் முதல் மாப்பிள்ளைக் கார். இது நல்லபடி நடந்தால் அந்தப் பக்கத்துக் கலியாணங்கள் எல்லாம் அவனைத் தேடி வரும். ஆனால் முன்கதவுக் கண்ணாடி பாதியில் இறுகி நின்றது. கண்ணாடி ஏறி இறங்கும் சனல் என்ற இரும்புக் காடி கறள் பிடித்து உதிர்ந்திருந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். யாழ்ப்பாணத்தில் உடைத்துப் போட்டிருந்த கார் ஒன்றிலிருந்து நல்ல சனல் ஒன்றைத் தேடி எடுத்து வந்தான்.

கைப்பிடியைக் கழற்றி, கதவின் உள்தட்டியைக் கழற்றி, கண்ணாடியை அடிவரை இறக்கிப் பழைய சனலை மேலால் உருவினான். கண்ணாடி சரியாமல் இரத்தினம்மா பிடித்துக்கொண்டாள். மாற்றுச் சனலைப் பூட்டியதும் கண்ணாடி ஏறியது, ஆனால் கிறீச்சிட்டது. வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயைச் சனலுக்குள் ஒட்டியிருந்த கம்பளியில் தாராளமாகத் தடவினான். சத்தம் நின்றது.

கலியாணத்துக்கு முதல்நாள் காலை அருளம்பலத்தார் கார் பார்க்க வந்தார். கதவைத் திறந்தவர் சால்வையால் மூக்கைப் பொத்தினார்.

“தம்பி, மாப்பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டு போறீரோ, மீன்சந்தைக்கோ?”

“ஏன் ஐயா?”

“ஏனோ? அங்கை பாரும், வழியனுப்ப ஆக்களும் வந்திட்டினம்!”

கதவடியில் இரண்டு பூனைகள் அண்ணாந்து பார்த்தபடி இருந்தன.

“நாளைக்கு விடிய வீட்டை கொண்டு வாரும். அப்பவும் மணந்தால் வேறை கார் பிடிப்பன்.”

அவர் போனபின் இரத்தினம்மா கதவை முகர்ந்தாள். “எனக்கு ஒண்டும் மணக்கேல்லையடா.”

“எனக்கும்தான் அக்கா. பிறந்ததிலை இருந்து உதுக்குள்ளை கிடந்த மூக்கு. இனிப் பூனையைத்தான் கேக்கவேணும்.”

மறுபடி எல்லாம் கழன்றன. சனல், கம்பளி, கதவின் உட்புறம் என்று ஓரிடம் விடாமல் சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தார்கள். பூனையைப் பிடித்துவந்து சனலுக்குக் கிட்ட விட்டார்கள். நக்கியது. திரும்பவும் தேய்த்தார்கள். பின்னேரம் அது ஒருமுறை முகர்ந்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

“பாஸ்!” என்று இரத்தினம்மா கைதட்டினாள்.

பூட்டினால் பழைய கிறீச்சு. அவள் உள்ளே ஓடித் தன் பவுடர் டின்னைக் கொண்டுவந்து சனலுக்குள் கொட்டினாள். கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறியது.

விடிய, கொக்குவிலில் அருளம்பலத்தார் குனிந்து கதவுக்குள் மூக்கை நுழைத்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“இப்ப பவுடரெல்லோ மணக்குது!”

“ஓம் ஐயா...”

“அது பரவாயில்லை. மாப்பிள்ளை பூசினது எண்டு சொல்லுவம். காரை வாசல் பக்கம் திருப்பி விடும், நேரம் போகுது.”