நரிக்குப் பயந்து பூட்டிய கூடு

போன வருடம் ஜூன் மாதம் நடந்தது இது. ஜெர்மனியில், பான் நகருக்கு வெளியே, சின்னத் தோட்டம் உள்ள வாடகை வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மகளுக்கு ஏழு வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதிகூட அமையவில்லை. அந்தக் கவலையில்தான் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு மூன்று கோழிகள் வாங்கினோம். வெள்ளை ஒன்று, மண்ணிறம் ஒன்று, கறுப்பு ஒன்று. கறுப்பி மகளுடையது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் பையை எறிந்துவிட்டு அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து அன்றைய கதை முழுவதையும் சொல்லுவாள். எங்களிடம் ஒன்றும் சொல்லமாட்டாள். கேட்டால் "ஒண்டுமில்லை" என்ற ஒரே பதில்தான்.

எங்கள் ஊரில் கோழிகள் முருங்கை மரத்தில் ஏறிப் படுத்துக்கொள்ளும், யாரும் கதவு பூட்டுவதில்லை. இங்கே அது நடக்காது. எங்கள் தெருவின் கடைசி வீட்டில் நரி புகுந்து, காலையில் இறகு மட்டும்தான் மிச்சம் கிடந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நரிப் பைத்தியம் பிடித்துவிட்டது. கணவர் யாரோ கழித்துவிட்ட ஒரு மரக்கூட்டை வாங்கி வந்து, திருத்தி, கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் போட்டுத் தந்தார். பின்னேரத்தில் கோழிகளை உள்ளே விட்டுத் தாழிடுவது என் வேலை.

ஜூனில் மூன்றும் உள்ளே போக மறுக்கத் தொடங்கின. கூட்டு வாசல் வரை வரும், கழுத்தை நீட்டிப் பார்க்கும், திரும்பிவிடும். ஒன்று சைக்கிளில் ஏறி இருக்கும், மற்றது வேலியில். கோடையில் வெளிச்சம் நீளுகிறது, கொழுப்பு என்று நினைத்தேன். எனக்குப் பொறுமை எவ்வளவு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளித் தாழிட்டேன்.

"அம்மா, அதுகள் உள்ளுக்கை போகப் பயப்பிடுதுகள்" என்றாள் மகள்.

நரி வந்தால் தெரியும் பயம் என்னவென்று, என்றேன் நான்.

ஒரு காலை வெள்ளைக் கோழி கூட்டுக்குள் செத்துக் கிடந்தது. அந்தக் கிழமை நல்ல வெயில், அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். பிறகு முட்டை நின்றது. பழுத்த மிளகாய் மாதிரி இருந்த கறுப்பியின் கொண்டை வெளிறிப்போனது. பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. இரத்தம் குடிக்கிற செள்ளுப் பூச்சியாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. பேன் பார்ப்பதில் என்னை வெல்ல ஆளில்லை என்பது என் எண்ணம். வெயிலில் குந்தியிருந்து, கோழியை மடியில் போட்டு, செட்டைக்குக் கீழே, வாலடியில், கழுத்தில் என்று இறகு இறகாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினேன். பின்னேரம் அதே கூட்டுக்குள் தள்ளித் தாழிட்டேன்.

மறுநாள் கறுப்பியால் எழும்ப முடியவில்லை. மகள் அழவில்லை. அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

மிருக வைத்தியர்களுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினேன். ஓரிடத்தில் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். இன்னோரிடத்தில் அடுத்த கிழமை ஒரு நாளைக்கு டெர்மின் குறித்துத் தந்தார்கள். அடுத்த கிழமை கோழி இருக்குமா? கணவர் என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது தப்பாது போல கிடக்கு. பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லப்போறீர்?"

"சொல்ல ஏலாது என்னாலை. இன்னொரு இடத்துக்கு எடுத்துப் பாக்கிறன்."

கடைசியில் ரைன் நதிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வைத்தியர் உடனே கொண்டுவரச் சொன்னார். உடுப்புக் கூடையில் கறுப்பியை வைத்து, துவாயால் மூடி, ட்ராமில் போனோம். ஒவ்வொரு தரிப்பிலும் மகள் துவாயைத் தூக்கி மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

வைத்தியர் கறுப்பியின் கொண்டையையும் வாயையும் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தமே இல்லை என்றார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பொழுதுபட்டதும் இது தானாகக் கூட்டுக்குள் போகிறதா? நான் வாய் திறக்க முன்பே மகள் ஜெர்மனில் சொல்லிவிட்டாள், இல்லை, அம்மாதான் தள்ளி விடுகிறவ என்று.

அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. இது சிவப்புச் செள்ளின் வேலையாம், அது பகலில் கோழியின் உடம்பில் இருக்காதாம். மரக் கூட்டின் வெடிப்புகளுக்குள் ஒளிந்திருந்து, இருட்டியதும் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். குடிதண்ணீரில் கலக்க மருந்து தந்து, ஒரு கிழமை கழித்து மறுபடியும் கொடுக்கச் சொன்னார். அந்தக் கூட்டில் இனி ஒரு கோழியும் படுக்கக் கூடாது என்றார். கறுப்பி பிழைக்குமா என்று கேட்டதற்கு, நாளை காலை பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கோழிகள் படுக்கிற தடியைக் கூட்டிலிருந்து உருவி எடுத்தேன். நுனியின் அடிப்பக்கத்தில் சாம்பல் அப்பியது போல இருந்தது. அந்தச் சாம்பல் அசைந்தது. வெள்ளைக் கடதாசியால் அழுத்தித் துடைத்தேன். கடதாசி முழுக்க இரத்தம். தடியைக் கீழே போட்டுவிட்டுப் புல்லிலேயே குந்திவிட்டேன். நரியிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, ஒவ்வொரு பின்னேரமும் நானே அவற்றைத் தின்னக் கொடுத்திருக்கிறேன்.

அன்று குளியல் தொட்டிதான் கறுப்பிக்கும் மண்ணிறக் கோழிக்கும் கூடு. கறுப்பிக்குக் குடிக்கவும் தெம்பில்லை. மருந்துத் தண்ணீரைத் தேக்கரண்டியால் சொண்டின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பாதி வழிந்தது. மகள் துவாயை விரித்துத் தொட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டாள். காலையில் நான் பயந்து பயந்து கதவைத் திறந்தபோது, கறுப்பி அவளுடைய கையிலிருந்த சோற்றுப் பருக்கையைக் கொத்திக்கொண்டிருந்தது.

கூட்டைக் கழற்றிக் கொதிநீராவி அடித்தோம். வெடிப்புகளை அடைத்தோம், தடிகளை மாற்றினோம். இரண்டாம் முறை மருந்தும் கொடுத்து முடித்த பிறகுதான் கோழிகளை மறுபடி கூட்டுக்கு விட்டோம். மண்ணிறம் உள்ளே போய்விட்டது. கறுப்பி வாசலில் நின்றது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. என் கண் வேலிப் பக்கம் ஓடியது, கை தானாகக் கோழியை நோக்கி நீண்டது. மகள் என் கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ அம்மா."

பொறுத்தேன். கறுப்பி தலையை உள்ளே விட்டுப் பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி பார்த்தது. பிறகு தானாக ஏறிப் போய்ப் புதுத் தடியில் குந்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் தாழிட்டேன்.

கோடை விடுமுறை முடிந்து, பள்ளிக்கூட நீச்சல் வகுப்பு நாளில் மகள் வயிற்றுவலி என்று போர்வையை இழுத்து மூடினாள். வழக்கம்போல எழுப்பித் தள்ளப்போன கை பாதியில் நின்றது. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டேன். தன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்குகிற இரண்டு பிள்ளைகளைப் பற்றி, அதுவரை கறுப்பிக்கு மட்டும் சொல்லியிருந்ததை, எனக்குச் சொன்னாள். அன்றே போய் ஆசிரியையிடம் பேசினேன். இப்போதும் அவள் ஒரு வாசலில் காலை ஊன்றி நின்றால், அவளைத் தள்ளுவதற்கு முன்னால் நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.