இத்தா அறையில் ஒரு நேரலை

சாச்சியின் அறை ஜன்னலில் நீலப் பூப்போட்ட படுக்கை விரிப்பொன்று நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது. சாச்சியின் கணவர், வாப்பாவின் தம்பியான என் சாச்சா மௌத்தாகி, அடக்கம் முடிந்த அன்றே பெரிய மாமி பக்கத்தில் நின்று அடிப்பித்த ஆணிகள் அவை. கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது என்பது இத்தா. மற்ற வீடுகளில் ஒரு திரைச்சீலையோடு விட்டுவிடுவார்கள். பெரிய மாமிக்கு அது போதாது. அவர் வாப்பாவுக்கும் சாச்சாவுக்கும் ராத்தா, மூத்த அக்கா. குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். கரைத்தீவின் அந்தத் தகரக் கூரை வீட்டில் சாச்சிக்குக் காற்று வர இருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டது.

சாச்சா இருக்கும்போதே மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்து, புத்தளத்தில் மண்டபமும் பேசி வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. இந்த லீவு முடிந்தால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. தள்ளிப்போடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டில் கேட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை. "நடக்கட்டும். நான் இங்க இருந்து துஆக் கேக்கிறன்," என்றார் சாச்சி. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெற்ற ஒரே மகள்.

அதனால்தான் நேரலை யோசனை வந்தது. பள்ளிவாசலில் நடக்கும் நிக்காஹ்வை வீடியோக்காரர் எப்படியும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக லைவில் போடுவார். ஆனால் அதில் ஆண்கள் மட்டும்தான். மணப்பெண்ணை ஊருக்கெல்லாம் காட்ட முடியாது. ஆகவே மண்டபத்தில் பெண்கள் பக்கத்தை என் ராத்தா தன் போனில், எங்கள் குடும்பப் பெண்கள் மட்டும் இருக்கும் குழுவில் காட்டுவது, முடிந்த கையோடு அழித்துவிடுவது என்று பேசி முடித்தோம். அந்த இரண்டாவது நேரலைக்காகத்தான் சாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகளை மணக்கோலத்தில் ஒரு தரம் பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் சாச்சிக்குத் துணையாக வீட்டில் நின்றேன். என் போனில்தான் பார்ப்பதாக ஏற்பாடு. சாச்சியின் மகன் முதல் நாளே பெரிய டேட்டா கார்டாகப் பார்த்துப் போட்டுவிட்டு, "ரெண்டு கல்யாணம் பாக்கலாம், பயப்பட வேணாம்," என்று சொல்லிப் போயிருந்தான். அதில் பாதிக்கு மேல் நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கும் டேட்டா என்பதை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் யார் நள்ளிரவில் நிக்காஹ் வைக்கிறார்கள்?

சிக்னல் ஜன்னலோரம் மட்டும்தான் வரும். விரிப்பின் ஒரு மூலை ஆணியைக் கழற்றி, போனைக் கம்பியில் சாய்த்து வைத்தேன். மாமி பாய்ந்து வந்தார். சாச்சிக்குக் காவலாகத் தானும் கல்யாணத்துக்குப் போகாமல் நின்றிருந்தார் அவர்.

"என்னடி இது? இத்தாவில இருக்கிறவ அந்நிய ஆம்பிளையள்ற முகத்தப் பாக்கிறதா? அல்லாஹ்வே!"

"போனிலதானே மாமி."

"போனில இருந்தா அது ஆம்பிளை இல்லாமப் போயிருமா?"

மார்க்கத்தில் அப்படி எங்கே சொல்லியிருக்கிறது என்று கேட்கலாம்தான். மாமியோடு யார் வாய் கொடுப்பது? நான் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். கடைசிப் படிக்கு வந்ததும் பள்ளிவாசல் முழுதும் கலங்கிப்போனது. வெள்ளைத் தொப்பிகள் சோற்றுப் பருக்கைபோல அங்குமிங்கும் அசைந்தன. ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை. மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். "இது பரவாயில்ல. இப்பிடியே இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சாச்சி அந்தக் கலங்கலுக்குள் மருமகனைத் தேடிக்கொண்டிருந்தார். "இவரா? அந்தத் தடிச்சவரா?" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். மாப்பிள்ளையைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். படம் நின்று நின்று ஓடியது. புழுக்கத்தில் மூவரும் நனைந்துபோனோம். சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. தகப்பனின் இடத்தில் இருந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து சாச்சியின் மகன் சொன்ன வார்த்தைகளும் கேட்டன, நிக்காஹ்வை ஒப்புக்கொண்டதாக மாப்பிள்ளை சொன்ன குரலும் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று மாமி போட்ட சத்தத்தில் நான் திடுக்கிட்டேன். "இனி அவன் உனக்கு மகன் மாதிரி. உனக்கு அவன் மஹ்ரம். தாராளமாப் பாக்கலாம். ஏய் புள்ள, அந்தப் படத்தத் தெளிவாக்கு! என்ன பாத்துக்கொண்டு நிக்கிற?"

மருமகன் மஹ்ரம் என்பது சரிதான். அவரைச் சுற்றி நின்ற நூறு ஆண்களும் மஹ்ரமா என்று கேட்க வாய் வந்தது. சாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். தரத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். வட்டம் சுற்றிச் சுற்றி, சடாரென்று ஒரு முகம் வந்தது. நெற்றி நிறைய வியர்வை, பயந்த சிரிப்பு. "மூக்கப் பாருங்க மைனி, எங்கட வாப்பாட மூக்கு!" என்று சாச்சி சிரித்தார். சாச்சா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மாமி என்னைவிடக் கிட்ட வந்துவிட்டார். மாப்பிள்ளை சர்பத் குடிப்பது, ஆட்களைக் கட்டித் தழுவுவது, ஒருவர் மாறி ஒருவராக நின்று படம் எடுப்பது, எல்லாவற்றையும் இருவரும் ஒன்றுவிடாமல் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார் மாமி.

அப்படியே படம் நின்றது. பகல் டேட்டா முடிந்துவிட்டது, இரவு டேட்டா முழுதாக இருக்கிறது என்று செய்தி வந்தது. பெண்கள் பக்க நேரலை தொடங்கப்போகும் நேரம்.

சந்திக்கு ஓடினேன். ரீலோட் கடை பூட்டியிருந்தது, கடைக்காரரும் கல்யாணத்தில். தெருவில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் கல்யாணத்தில்தான். ஆடுகள் மட்டும் நின்று என்னைப் பார்த்தன. வீட்டுக்குத் திரும்பியபோது சாச்சி போனைக் கையில் வைத்து, கறுத்த திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தால் வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கையை விரித்தேன். நான் கழற்றிய ஆணியை மாமி தேடி எடுத்து, விரிப்பின் மூலையைத் தானே அழுத்திச் செருகினார்.

இன்று அந்த வீட்டுக்கு வயர் இன்டர்நெட் இணைப்பே வந்துவிட்டது. சாச்சியின் மகள், என் தங்கச்சி, கத்தாரிலிருந்து கதைக்கும்போது பேரனுக்கு முளைக்கும் பல்கூடத் தெரிகிறது. அவளுடைய கல்யாணப் படங்கள் ஆல்பமாக அலுமாரியில் இருக்கின்றன. அந்தப் பகலில் மண்டபத்திலிருந்து போன நேரலை மட்டும் எங்கும் இல்லை. ராத்தா சொன்னபடியே அழித்துவிட்டார்.

அன்று, மாமி ஆணியைச் செருகிய கொஞ்ச நேரத்தில் சாதாரண அழைப்பு வந்தது. தங்கச்சிதான். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"உம்மா, ராத்தாட போனப் பாத்து உங்களுக்குத்தான் ஸலாம் சொன்னன். எல்லாரும் சிரிச்சாங்க. கண்டீங்களா உம்மா?"

சாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமி என் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொன்னால் எங்கள் வாயில் அடிக்கிற மாமி.

"கண்டோம் மகள். நல்லா வடிவாக் கண்டோம். உம்மா பதில் ஸலாமும் சொன்னா. அழுகிறா, அதுதான் இப்ப கதைக்க ஏலாம இருக்கிறா."

அழைப்பு முடிந்தது. மாமி போனைச் சாச்சியின் மடியில் வைத்தார்.

"சொல்லு," என்றார். "நான் பொய் சொன்னதா இருக்கக்கூடாது."

சாச்சி போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னார்: "வஅலைக்கும் ஸலாம், மகள்."