பந்தோடு வந்த ரீச்சர்

றொசாந்தி ஜெர்மனியில் வளர்ந்தவள். குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தபோது ஆங்கிலம் தடக்கித் தடக்கித்தான் வரும். ஆட்களைக் கண்டால் கூச்சம் வேறு. குட்மேய்ஸில் நாங்கள் சனிக்கிழமைகளில் நடத்திய தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் தேவைப்பட, தாயார் அவளைக் கொண்டுவந்து விட்டார். நான் சின்னவர்களுக்குப் படிப்பித்தேன். அவளுக்குக் கிடைத்தது பக்கத்து அறையில் இருந்த பெரிய பெடியன்கள். அவர்களோடு மல்லுக்கட்ட முடியாமல் முன்பிருந்தவர் நின்றுவிட்டார்.

முதல் நாள் அவளுடைய ஆங்கிலத்தைப் பழித்துச் சிரித்தார்கள். அவள் கத்தவில்லை. அடுத்த கிழமை ஒரு கால்பந்தோடு வந்து, எல்லாரையும் திடலுக்குக் கூட்டிப்போனாள்.

"தமிழிலை கேட்டால்தான் பந்து தருவன்."

அவள் ஜெர்மனியில் பெண்கள் அணியில் ஆடியவள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவனாலும் பந்தைப் பறிக்க முடியவில்லை. கடைசியில் ரதீசன் என்ற முரடன்தான், "அக்கா, இஞ்சாலை தாங்கோ" என்று கேட்டான். மழை தொடங்கியதும் தாங்களாகவே உள்ளே போய் வகுப்பில் அமர்ந்தார்கள். அதன் பிறகு அந்த வகுப்பில் சண்டை இல்லை, படிப்பு நடந்தது.

சில வருடங்களில் இல்ஃபோர்டிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து சேர, பள்ளி பெருத்தது. முழுப் பொறுப்பையும் அவளே பார்த்தாள். அப்போதுதான் பள்ளி நிர்வாகத் தலைவர் ஆனந்தராஜா கூட்டத்தில், பெரிய பள்ளிக்கு ஓர் ஆண் அதிபர் இருந்தால்தான் மதிப்பு என்றார். ஆளையும் பார்த்து வைத்திருந்தார்.

றொசாந்தி எழுந்தாள். "வளர்க்க ஏலுமெண்டால் நடத்தவும் ஏலும், அங்கிள்."

ஒருவரும் அவளுக்காகப் பேசவில்லை, நான் ஒருத்தியைத் தவிர. தலைவர் பார்த்து வைத்த ஆளே அதிபரானார். அந்தப் பள்ளித் தவணை முடியும்வரை ஒரு வகுப்பும் தவறாமல் எடுத்துவிட்டுப் பள்ளியை விட்டு விலகினாள். பின்பு தாதிப் படிப்பில் சேர்ந்தாள்.

போன மாரியில் எனக்கு இடுப்பில் ஒப்பரேஷன் நடந்தது. அந்த வார்டுக்குப் பொறுப்பாக அவள் நின்றாள். மறுநாள் எழுந்து நடக்கச் சொன்னபோது பயத்தில் ஏலாது என்றுவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை, இரண்டு கையையும் நீட்டியபடி காத்து நின்றாள். நான் யன்னல்வரை நடந்தேன்.

பள்ளி விஷயத்தில் இன்னும் கோபமா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, கோபம்தான்" என்று சிரித்தாள். "ஆனா இந்த வேலை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. நாளைக்குக் கதவடி வரைக்கும் நடப்பம்."