ஒரு சுவிட்சுதானே

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது தெருவுக்கே தெரியும். அதிலும் "சொன்னா நம்புங்க" என்று எவனாவது ஆரம்பித்தால் தீர்ந்தது. அவர் அனுப்பிய பிட்காயின் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கிரிப்டோ செயலி ஒன்று நாள்கணக்கில் பச்சை எழுத்தில் சாதித்தது. சேரவே இல்லை. இனி எவன் வாய்ச்சொல்லும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வாங்கி, ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, கூடத்து மூலையில் சொந்தமாக ஒரு நோடு, அதாவது பிட்காயின் கணக்கைத் தானே சரிபார்க்கும் பெட்டி, வைத்தார். பிட்காயின் தொடங்கிய முதல் நாளிலிருந்து நடந்த ஒவ்வொரு பரிமாற்றத்தையும் அது இறக்கி, சரிபார்த்து வர வேண்டும். வாரக்கணக்கில் ஆகும்.

வேலை தேடி வந்து தங்கியிருந்த மச்சினனுக்கோ அது காசு காய்ச்சும் பெட்டி. இன்றைக்கு எவ்வளவு விழுந்தது என்று தினமும் கேட்பான். சல்லிக்காசு விழாது, பொய்யைப் பிடிக்கத்தான் இது என்று அவரும் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

நோடு எல்லாவற்றையும் இறக்கி முடிக்கும் தறுவாயில், நேர்காணலுக்குக் கிளம்பும் அவசரத்தில், மச்சினன் சுவிட்சை அணைத்து, அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினான். எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் பாதியில் அறுந்து, இறங்கியதெல்லாம் பாழ். மாலையில் அவர் வந்து பார்த்தபோது திரை முழுக்கப் பிழைச் செய்திகள். மறுபடி முதலிலிருந்து.

"ஒரு சுவிட்சுதானே மாமா. திரும்பப் போட்டுட்டேனே."

அவர் திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ஒரு கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர் பண்றப்ப, அங்க இருந்த வாட்ச்மேனும் இதையேதான்டா சொன்னான். மேல என் கூட்டாளி கயித்துல கை வச்சிருந்தான். லிஃப்ட் ஓடலையேன்னு இவன் கீழ சுவிட்சைப் போட்டான். அந்தக் கையைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தது நான்."

விபத்து என்று மட்டும்தான் இத்தனை வருடமும் வீட்டில் சொல்லியிருந்தார். எப்போதும் தம்பி பக்கமே பேசும் மனைவி அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தாள்.

"காசு தராத பெட்டிக்கு இந்த ஆட்டமா? நீயாச்சும் சொல்லுக்கா."

"உன் வாய மூடுன்னுதான் சொல்லணும்."

அவள் போய் அவருடைய வேலைப் பையைத் துழாவினாள். லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மெக்கானிக்குகள் மெயின் சுவிட்சில் போடும் சிவப்புப் பூட்டு கையில் கிடைத்தது. பூட்டியவனைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக்கூடாது. எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

நோடின் பிளக்கின்மேல் தகர மூடி ஒன்றை அறைந்து, அந்தப் பூட்டைப் போட்டுப் பூட்டினார். மறுநாள் மச்சினன் மன்னிப்புக் கேட்டான். சரி என்று தலையாட்டினார். சாவியை மட்டும் சட்டைப்பையை விட்டு எடுக்கவில்லை.