மீன் மார்க்கு கேன்

வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தண்ணீர் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். இரண்டு பசுவும் அரை ஏக்கர் கத்தரியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நானும்.

போன கோடையில் கரண்டு மோட்டார் கருகிப்போனதால் வாடகைக்கு ஒரு டீசல் இன்ஜின் எடுத்துக் கிணற்று மேட்டில் வைத்தோம். நான் பசுவுக்குச் சோளத்தட்டை போட்டுவிட்டு வருவதற்குள் டியூப் கழன்று, டீசல் முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் மேல் மயில் கழுத்து மாதிரி மினுமினுக்கிறது. ஒரு வாளி இறைத்து வைத்தேன். பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மகளுக்குப் போன் போட்டேன். சிவகாசியில் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டும் மருமகன் மத்தியானமே வந்து சேர்ந்தார், கையில் ஒரு கேனோடு.

"அத்தே, கவலைய விடுங்க. மெஷின்ல இங்க்கு, கிரீசு எல்லாம் இதுலதான் களுவுவோம். ஊத்துனா எண்ண இருந்த எடம் தெரியாது."

பக்கத்துத் தோட்டத்து மதினி வரப்பில் நின்றபடியே கேட்டாள். "என்ன மதினி, மருமகன் கெணத்துக்கு ஷாம்பு போட வந்திருக்காகளா?"

"ஒன் கெணத்துக்குப் போட ஆளில்லன்னு வயித்தெரிச்சலா?" என்றேன்.

எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். கேனில் இருந்தது இங்கிலீஷ். ஆனால் படம் இருந்தது, ஒரு மீனும் ஒரு மொட்டை மரமும். எங்கள் பக்கம் தீப்பெட்டியானாலும் வெடியானாலும் மேலே ஒரு படம் இல்லாமல் வெளியே போகாது.

"மீன் மார்க்கா மாப்பிள்ள?"

"அப்பிடித்தான் போல அத்தே. மொதல்ல வாளியில பாத்துருவோம்."

அவர் இறைத்த வாளியில் எண்ணெயோடு நாலைந்து மீன் குஞ்சும் வந்தன. எண்ணெய் மேலே கிடந்தது, அவை அடியில் சுற்றிக்கொண்டிருந்தன. கேனிலிருந்து ஒரு மூடி ஊற்றிக் குச்சியால் கலக்கினார். மினுமினுப்பு மறைந்தே போனது. எனக்கு வாயெல்லாம் பல்.

டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தால், குஞ்சுகள் மல்லாந்து கிடந்தன. மருமகன் கேனையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருந்த மீனும் அப்படித்தான் மல்லாந்து கிடந்தது.

"அத்தே, இது மார்க்கு இல்ல. தண்ணியில கலந்தா மீன் செத்துரும்னு எச்சரிக்க."

"அப்ப எண்ண எங்க போச்சு?"

"எங்கயும் போகல. பொடிப்பொடியா ஒடஞ்சு தண்ணிக்குள்ளயே கலந்துருச்சு. மேல கெடந்தா அள்ளிறலாம். இத எப்பிடி அள்ள?"

கேனை இறுக மூடினார். அந்த வாளித் தண்ணீரைக்கூடத் தோட்டத்தில் கொட்ட நான் விடவில்லை.

மறுநாள் பிரஸ்ஸில் இங்க் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியை மூட்டையாகக் கொண்டுவந்தார். கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீர் மேலேயே தடவித் தடவி எண்ணெயை உறிஞ்ச விட்டுத் தூக்கினோம். மதினியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிறு பிடித்தாள், வாயை மட்டும் மூடவில்லை. எண்ணெய்த் துணிக்குத் தீ வைக்க எங்கள் பக்கம் யாருக்கும் கை வராது. சுற்றிலும் வெடிக் கம்பெனி. டிரம்மில் அடைத்து, வாளித் தண்ணீரையும் சேர்த்து, பிரஸ் கழிவு எடுக்கிற லாரியில் ஏற்றிவிட்டார்.

வாடை போகச் சுணங்கியது. அதுவரை பசுக்களுக்கு லாரித் தண்ணீர்தான். ஐப்பசி மழையில் கிணறு ஊறியதும் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். நல்ல தண்ணீர் என்று தெரிந்த அன்று வாளியைப் பசு முன்னால் வைத்துவிட்டு மூச்சை அடக்கி நின்றேன். மோந்தது. அப்புறம் சர்ரென்று உறிஞ்சியது.

"பசு குடிச்சிருச்சா? இனி உங்களக் கையில பிடிக்க முடியாது மதினி!" என்று வரப்பிலிருந்து சத்தம் வந்தது.

பிடிக்க முடியவில்லைதான்.