உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி

கார் என் பெயரில் இருந்தது. பதிவுப் பத்திரம் என் பெயரில், காப்புறுதி என் பெயரில், வேகக் கமெராவில் பிடிபட்டால் கடிதம் வருவதும் என் பெயருக்குத்தான். ஆனால் அந்தக் காரைப் பற்றி யாராவது ஏதாவது பேச வேண்டுமென்றால் என் கணவரோடுதான் பேசுவார்கள். பல வருடங்களாக இதை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. எனக்கு இருந்த வேலைக்குள், ஒரு தொல்லை குறைந்தது என்றுகூட நினைத்திருக்கிறேன்.

நான் ஒரு தாதி. நுரையீரல் பழுதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டால் இல்ஃபோர்ட், பார்க்கிங் என்ற ஊர்களில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடுகள். விரலில் சின்னக் கருவியை மாட்டி ஒக்ஸிஜன் எவ்வளவு என்று பார்ப்பேன். மூச்சுமருந்துப் பம்ப் இழுக்கும் முறையைப் பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொடுப்பேன். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்கள் என்று மணத்தில் தெரிந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் எனக்குக் கண்டிப்பான நேர்ஸ் என்று பெயர்.

கார் ஒரு டர்போ டீசல். இரண்டாம் கையாக வாங்கியது. அதன் புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. பார்வைக்குத் தேன்கூடு மாதிரி. புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்து, கார் நீண்ட தூரம் சூடாக ஓடும்போது தானாகவே அதை எரித்துவிடும். என் ஓட்டமோ ஒரு மைல், இரண்டு மைல். ஒரு வீட்டில் நிறுத்தி, அடுத்த வீட்டில் நிறுத்தி, காருக்குச் சூடேற நேரமே கிடையாது. கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு தடவை முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் டீசலும் கூடக் குடிக்கும்.

டீசல் கூடக் குடிப்பது என் கணவரால் தாங்க முடியாத விஷயம். அவர் கவுன்சில் ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறார். கேத்தலில் ஒரு கோப்பைத் தண்ணீர் போதும் என்றால் ஒன்றேகால் கோப்பை வைக்க விடமாட்டார். காருக்குள் ஏறியதும் ஒரு கலன் டீசலுக்கு எத்தனை மைல் என்று காட்டும் எண்ணை, கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலப் பார்ப்பார். நாற்பத்தொன்று. எப்போதும் நாற்பத்தொன்று. அந்த எண் அவரை வதைத்தது.

ஒரு சனிக்கிழமை தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

"இஞ்சாரும், டர்போக் கார் எண்டால் கம்பனிக்காரன் முழு இழுவையையும் தரமாட்டான். உள்ளுக்கை ஒரு புரோகிராம் இருக்கு. அதை மாத்தினால் எஞ்சின் மெல்லமாச் சுத்தேக்கையே நல்லா இழுக்கும். நீர் கால் அழுத்தத் தேவையில்லை. டீசல் மிச்சம்."

"பழுது ஒண்டும் வராதே?"

"என்னத்துக்குப் பழுது வாறது? லப்டொப்பைக் கொழுவி ஒரு மணித்தியாலத்திலை முடிச்சிடுவினம். பார்க்கிங்கிலை எங்கட ஆள் ஒருத்தர் செய்யிறார்."

அடுத்த சனிக்கிழமை காலையில் காரைக் கொண்டுபோனார். ஒரு மணித்தியால வேலைக்குப் போனவர் மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். கராஜில் சனம் என்றார். நானும் நம்பினேன். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவர் கராஜில் சனம் என்றால் சனம்தானே.

கார் நன்றாக ஓடியது. அதை மறைத்து எழுத மாட்டேன். மேட்டில் முனகாமல் ஏறியது. மஞ்சள் விளக்கு அதன் பிறகு எரியவேயில்லை. எண் நாற்பத்தேழுக்குப் போய், ஒருமுறை ஐம்பதைத் தொட்டது. அன்று அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பியது நான்தான். வேலையிடத்திலும் பெருமையாகச் சொன்னேன்.

பார்க்கிங்கில் நான் பார்க்கும் ஒரு அண்ணை இருந்தார். அறுபது வயதிருக்கும். கார்களுக்குப் பெற்றோல் அடிக்கும் செட்டில் காசாளராகப் பல வருடம் நின்றவர். இப்போது தரைத்தள வீடொன்றில், தெருவைப் பார்த்த ஜன்னலருகே, மூக்கில் ஒக்ஸிஜன் குழாயோடு கதிரையில் இருப்பார். கட்டிலை உள்ளறைக்கு மாற்றலாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். தெருவைப் பார்க்காமல் இருக்க அவருக்கு ஏலாது. என் காரை அந்த ஜன்னலுக்கு நேரே நிறுத்துவேன். கார் கண்ணுக்கு முன்னால் இருக்கும் என்பதுதான் காரணம்.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் அவருடைய மனைவி கதவைத் திறந்தபடியே சொன்னார்: "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. காரைக் கொஞ்சம் தள்ளி விடுங்கோ. நீங்கள் வந்து போனாப் பிறகு இவர் அரை மணித்தியாலம் இருமுறார்."

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, இது பழைய கார் இல்லை. ஃபில்டர் எல்லாம் இருக்கு. லண்டன் முழுக்க ஓட அனுமதி உள்ள கார்."

உள்ளேயிருந்து அண்ணை, வசனத்துக்கு நடுவே மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "பிள்ளை... எத்தினை வருஷம்... கார் மணத்துக்கை நிண்டனான். உது... ஃபில்டர் உள்ள காரின்ரை மணம் இல்லை."

நான் சிரித்தேன். நோயாளிகளுக்கு மணம் பிடிபடுவதில் குழப்பம் வரும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். மரியாதைக்காக அடுத்தமுறை நாலு வீடு தள்ளி நிறுத்தினேன், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மீதே ஆத்திரம் வருகிறது.

இரண்டு மாதம் கழித்து வருடாந்தரப் பரிசோதனைக்குக் காரை நானே கொண்டுபோனேன். கணவருக்கு அன்று அலுவலகத்தில் விடுமுறை எடுக்க முடியவில்லை. தான் வேறொரு நாள் கொண்டுபோவதாக இரண்டு மூன்று தடவை சொன்னார். எனக்கு அன்றுதான் வசதி. பரிசோதகர் ஒரு வெள்ளைக்காரர், அடக்கமான மனிதர். காரை உயரத் தூக்கி வைத்துவிட்டு என்னைக் கீழே வரச்சொல்லி டோர்ச் அடித்துக் காட்டினார். ஃபில்டர் பெட்டியின் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங் போட்ட தழும்பு.

பெட்டியைத் திறந்திருக்கிறார்கள், சுத்தம் செய்யவா, அதற்குப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். சாவியால் பெட்டியைத் தட்டினார். வெறும் தகரப்பேணி மாதிரிச் சத்தம் கேட்டது. உள்ளே இருந்ததை வெட்டி எடுத்துவிட்டு மேலே மூடி ஒட்டியிருக்கிறார்கள், கரி நேரே வெளியே போகிறது, இப்படி ஓட்டுவது சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னார். நான் மறுபடியும் எனக்குத் தெரியாது என்றேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. பிடிபடும்போது எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் மேடம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, தோல்வி என்று பத்திரத்தை என் பெயருக்கு எழுதித் தந்தார்.

அங்கிருந்து நேரே பார்க்கிங்கில் கணவர் காரைக் கொடுத்த கராஜுக்குப் போனேன். கராஜ் ரயில் பாதைக்கு அருகே, நாலு கார் நிற்கக்கூடிய இடம். கராஜ்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். காரையும் என்னையும் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கோ தங்கச்சி, தம்பி வரேல்லையோ?" என்று கேட்டார்.

"என்ரை காரின்ரை ஃபில்டரை வெட்டி எடுத்தனீங்களோ?"

"ஓம். அது அடைச்சுப்போன பெட்டிதானே. புரோகிராமை மட்டும் மாத்தினால் ஒண்டு ரெண்டு மைல்தான் கூடும். அதையும் எடுத்தால்தான் முழு மைலேஜும் வரும். தம்பிக்கு எல்லாம் விளக்கமாச் சொல்லித்தான் செய்தனான்."

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாமல் நான் கை வைப்பனே? பக்கத்திலை நிண்டு பார்த்தவர்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உது லேடீஸுக்கு விளங்கிற விஷயம் இல்லை, தங்கச்சி. டெஸ்ட் பாஸாக்கிற இடம் நான் காட்டியிருப்பன். ஏன் வேறை இடத்துக்குக் கொண்டுபோனனீங்கள்?"

இதற்குள் அவர் ஃபோனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டுவிட்டார். "தம்பி, இஞ்சை தங்கச்சி வந்து நிக்கிறா. ஒருக்காக் கதையும்," என்று சொல்லி ஃபோனை என்னிடம் நீட்டினார். ஃபோனுக்குள்ளிருந்து கணவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. நான் வாங்கவில்லை. அந்த மனிதர் நீட்டிய கையோடு நிற்க, நான் திரும்பிக் காருக்குள் ஏறினேன். ஏறிய பிறகுதான் உறைத்தது, அந்தக் காரைக் கிளப்பினால் என்ன வெளியே போகும் என்று. ஆனாலும் கிளப்பத்தானே வேண்டும். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கணவர் அன்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். முதலில் கராஜ்காரர் மேல் பழி போடப் பார்த்தார். பிறகு, டீசலுக்காக மட்டுமில்லை, எனக்கிருந்த மஞ்சள் விளக்குத் தொல்லை தீரட்டும் என்றுதான் செய்ததாகச் சொன்னார். கடைசியில் உண்மை வந்தது.

"உமக்குச் சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டீர்."

"அப்ப, நான் விடமாட்டன் எண்டு தெரிஞ்சுதான் செய்தனீங்கள்."

"எத்தினை லொறி, எத்தினை பஸ் ஓடுது. எங்கட ஒரு காராலையோ லண்டன் கறுக்கப் போகுது? எல்லாரும் செய்யினம்."

"லண்டனை விடுங்கோ. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், சாம்பிராணி கொளுத்தாதேங்கோ, சிகரெட்டை விடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வாறன். அந்த வீடுகளின்ரை ஜன்னலுக்குக் கீழை என்னத்தை விட்டிட்டு வந்தனான்? ஆறு மாதமா? அந்த அண்ணை மணத்திலை கண்டுபிடிச்சுச் சொன்னவர். நான் அந்த மனுசனைப் பார்த்துச் சிரிச்சனான்."

"அவர் எங்கட காராலைதான் இருமினவர் எண்டு ஆர் சொல்லேலும்?" என்று மட்டும் கணவர் கேட்டார்.

யாராலும் சொல்ல ஏலாதுதான். அந்தக் குளிர்காலத்தில் அண்ணை ஒருமுறை ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்துவிட்டு வந்தார். அது என் காரால் என்று எந்த வைத்தியரும் எழுத மாட்டார். யாராலும் சொல்ல ஏலாது என்ற அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. என்னை எரிக்கிறதும் அதுதான்.

மற்ற வேலைகளை நானே செய்தேன். இல்ஃபோர்டில் வேறொரு கராஜைத் தேடிப் பிடித்து, புது ஃபில்டர் போடவும் பழைய புரோகிராமைத் திரும்ப ஏற்றவும் ஏற்பாடு செய்தேன். காப்புறுதிக்காரருக்கு ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அந்த ஆறு மாதத்துக்குள் யாரையாவது இடித்திருந்தால் காப்புறுதி செல்லாமல் போயிருக்கலாம் என்று ஃபோனில் பேசிய பெண் சொன்னார். பாகம் வந்து சேர ஒன்பது நாள். ஒன்பது நாளும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீடுகளுக்குப் போனேன். கணவர், தான் வேலைக்குப் போகும் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேண்டாமென்றேன்.

பார்க்கிங் அண்ணை வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவருடைய மனைவிதான் பேசினார்.

"நான் அண்டைக்கே சொன்னனான் தானே, தங்கச்சி."

"ஓம் அக்கா. பிழை என்னிலைதான்."

"உங்கட காருக்கு ஃபில்டர் இருக்கெண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தனீங்கள்."

தேநீர் வேண்டுமா என்று அக்கா கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பவர். எனக்கு அது சரியென்றே பட்டது.

கராஜைப் பற்றி அதிகாரிகளுக்கு முறைப்பாடு எழுதினேன். கணவர் அதைத் திரையில் கண்டுவிட்டு, "எங்கட ஆளைப் போய்க் காட்டிக் குடுக்கிறீரோ?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தது என்று சொல்லித்தான் போர்க்காலத்தில் எங்கள் ஊரில் மனிதரை விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். அந்தச் சொல்லின் பாரம் தெரிந்த மனிதர், ஒரு கரிப் பெட்டிக்காக அதை என் மேல் எறிந்தார். நான் அவர் முன்னாலேயே அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். கிடைத்தது, நன்றி என்று ஒரு பதில் வந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. அந்தக் கராஜ் இன்றும் திறந்துதான் இருக்கிறது.

எங்களுக்குள் பேச்சு மெல்லத் திரும்பியது. இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு அவரே காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய் அரை மணித்தியாலம் ஓட்டி, கரியை எரித்துவிட்டு வருகிறார். மன்னிப்புக் கேட்டாரா என்றால், அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனோம். மண்டபத்தில் ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி நின்று டீசலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கணவரின் நண்பர் ஒருவர், "மச்சான், நீ ஒரு இடத்திலை செய்விச்சனி எல்லோ, ஐம்பது வந்ததெண்டு. அந்த ஆளின்ரை நம்பரைத் தா," என்று கேட்டார். கணவர் என் பக்கம் பார்த்தார்.

"வேண்டாம் மச்சான். இவ நிக்கிறா," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் நிற்பதால் கொடுக்கவில்லை. நான் நிற்காவிட்டால்? சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அந்த நண்பரிடம் நானே சொன்னேன், பெட்டியை எப்படி வெட்டுவார்கள், உள்ளே எதை எடுப்பார்கள், அது எங்கே போய் யாருடைய நெஞ்சில் படியும் என்று. சிரிப்பு நின்றது. நண்பர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருவர், தன் காரில் இரண்டு வருடத்துக்கு முன்பே அதை எடுத்தாகிவிட்டது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கப் போவதுபோல அப்பால் போனார்.