பவுன் எழுதிய மூன்று வரி

பல்வலி என்று ஊருக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்தவளை, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள் பவுன். "பாக்காம இன்னாத்த எழுதறது? மேல் பல்லா, கீழ்ப் பல்லா? நல்லாத் தொற!" பார்த்து முடித்தபின் ஒரே வரிதான்: 'வலது கடைவாய்ப் பல் ஆடுது, மூணு நாளாக் கஞ்சிதான்.' கடிதம் கிடைத்த அன்றே பல்வலிக்காரியின் தம்பி ரயிலேறிவிட்டான். தன் எழுத்தைப் படித்தால் பிணம்கூட எழுந்து செருப்பைத் தேடும் என்பது பவுனின் கணிப்பு.

படிப்பு மூன்றாம் வகுப்பு. "அதுக்கு மேல படிச்சிருந்தா பள்ளிக்கூடம் தாங்கியிருக்காது" என்பாள். மராத்தி ஊரான கசார்வாடியில், ஷெட் ஒன்றில் வருஷக்கணக்காகப் பிரஸ் மிஷின் ஓட்டுகிறாள். தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து இரும்பு இறங்கி வாஷர் வெட்டும். அந்தச் சத்தத்தில், ஸ்டேஷனில் நிற்கும் லோக்கல் ரயில் பயந்துபோய்ச் சிக்னல் இல்லாமலே கிளம்பிவிடுமாம்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் திருவண்ணாமலைப் பக்கமிருந்து நான்கு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். தமிழ் தவிர எதுவும் தெரியாது. அவர்களுக்காக சூப்பர்வைசர் சுனில் தமிழில் ஒரு பலகை எழுதி மாட்டினான். பக்கத்துக் கட்கியில் பிறந்த தமிழ்ப் பையன். இந்தியில் கனவு கண்டு தமிழில் கொட்டாவி விடுகிறவன். 'ஹாத் சோட்கே', அதாவது கையை எடுத்துவிட்டு, என்று மனசுக்குள் இந்தியில் ஓட்டிப் பார்த்து அவன் எழுதியது: 'கையை விட்டுப் பெடலை அழுத்தவும்.'

புதிதாக வந்த பாமா அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். சொன்னபடியே தகட்டோடு கையை உள்ளே விட்டாள். காலைத் தூக்கினாள். பக்கத்து மிஷினிலிருந்து பாய்ந்த பவுன், ஸ்டூலோடு அவளைப் பின்னால் இழுத்துச் சாய்த்தாள்.

"இன்னாடி பண்ற?"

"போர்டுல அப்டித்தானக்கா போட்டுக்கீது..." என்றாள் பாமா, விழுந்த இடத்திலிருந்தே.

சுனில் ஓடி வந்தான். "விடுன்னா சோட்னாதானே, அக்கா?"

"அரே சுனிலு, பையில கைய விடுன்னா எடுப்பியா, போடுவியா?"

சுனில் தன் பேண்ட் பையைப் பார்த்தான். "நீங்களே எழுதிடுங்கக்கா."

பதினோரு வருஷம் ஓட்டிய மிஷின். அப்படியும் பவுன் உடனே சாக்பீஸைத் தொடவில்லை. மறுநாள் ஷிப்ட் முழுக்க ஓட்டி, தன் கையைத் தானே வேவு பார்த்தாள். சாயங்காலம்தான் பிடிபட்டது. "கை வெளிய வர்றதுக்குள்ள கண்ணு அடுத்த தகட்டுக்கு ஓடிப்பூடுது, சுனிலு. திருட்டுக் கண்ணு!"

பிறகு தரையில் எழுதுவாள். மிஷின் சத்தத்துக்கு நடுவே பாமாவை வாசிக்கச் சொல்வாள். அவள் ஒரு நொடி விழித்தாலும் காலாலேயே அழிப்பாள். ஒன்பது தடவை அழித்தாள். பவுன் சொல்லும்போது அது தொண்ணூறு. கடைசியில் நின்றது இதுதான்:

கை வெளியே.
கையைப் பார்.
அப்புறம் கால்.

"கிராமர் டீக் ஹை-யா அக்கா?" என்று சுனில் இழுத்தான்.

"கிராமருக்கு வெரல் கீதா?"

பலகையில் மஞ்சள் பெயிண்டில் தன் கையாலேயே எழுதினாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் பருமன். ரெண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் சிஞ்ச்வட்டிலிருந்தே படிக்கலாம் என்று பீற்றிக்கொண்டாள்.

"கீழே உங்க பேர் போட்டுடுங்கக்கா" என்றான் சுனில்.

"பேரு இன்னாத்துக்கு? கையெழுத்தே போடறேன்."

பக்கத்தில் நின்ற பாமாவின் வலது கையைப் பிடித்தாள். பெயிண்ட் டப்பாவில் முக்கி, மூன்று வரிக்கும் கீழே வைத்து அழுத்தினாள். கையை எடுத்ததும் பலகைக்குக் கிட்டே குனிந்து, ஈரத்தைத் தொடாமல் விரலை நீட்டி, பதிந்த விரல்களை ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணினாள்.